கறுத்த திரையும் நீல முகங்களும்

ஏப்ரல் 3, காலை

அன்பு மருமகளுக்கு,

வீட்டிலிருந்து அத்தை எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம், உன் மேஜை மேல் இருக்கிற கம்ப்யூட்டர் பெட்டியைத் தவிர. அதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் எடுத்த எடுப்பிலேயே உன் வயிற்றைக் கலக்குவானேன், முதலில் வீட்டுச் சமாசாரம்.

உன் வீட்டுக்காரன் வேளைக்குச் சாப்பிடுகிறான், குறட்டை விட்டுத் தூங்குகிறான், விடியற்காலை ஐந்து மணிக்கு நீச்சல் குளத்துக்குக் கிளம்பிவிடுகிறான். அவன் பயிற்சி கொடுக்கிற பிள்ளைகள் போன வாரப் போட்டியில் இரண்டாவதாக வந்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் தலையைக்கூடத் துவட்டாமல் வந்து உன் நாற்காலியில் உட்கார்ந்தான். நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்ததே, அது நின்றுவிட்டது. ஆளைக் கூப்பிட்டு அலுத்துப்போய் நானே வாஷர் மாற்றினேன்.

நீ ஒப்பந்த வேலைக்குப் போயிருக்கிற கப்பலில் இணையம் வேலைக்கு மட்டும்தான், வீட்டுக்குக் கடிதம்தான், அதுவும் பத்து நாளைக்கு ஒரு முறை சாமான் படகு வந்தால்தான் என்று நீ சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. முப்பத்தொரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்தவள், சொந்த மருமகளோடு பேசத் தபால்தலை ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் அறையைத் தூசி தட்டும்போது விசைப்பலகைக்கு அடியில், நீ உன் வீட்டுக்காரனுக்கு எழுதி வைத்த குறிப்பு கிடைத்தது. படித்துவிட்டேன். லைனில் யார் என்ன பேசினாலும் ஒட்டுக்கேட்காமல் அத்தனை வருஷம் வேலை பார்த்தவளுக்கு ஒரு காகிதத்தைப் படிக்காமல் இருக்க முடியவில்லை. மன்னித்துக்கொள்.

பதினொரு படி எழுதியிருக்கிறாய். ஒவ்வொன்றாக டைப் அடித்து, என்ன தெரிகிறதோ அதைக் குறித்து, ஏப்ரல் முப்பதுக்குள் உங்கள் குழுவுக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் இந்தக் கிராஃபிக்ஸ் கார்டின் டிரைவரை உங்கள் சிஸ்டத்தின் அடுத்த வெளியீட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள். அந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாய், காகிதமே கிழிகிற அளவுக்கு.

உன் வீட்டுக்காரனைப் பிடித்து உட்காரவைத்தேன். டிரைவர் என்றால் என்ன, எடுத்தால் யாருக்கு என்ன போச்சு என்று கேட்டேன். அவன் அரைகுறையாகச் சொன்னதில் நான் புரிந்துகொண்டது இது, தப்பென்றால் திருத்து. கம்ப்யூட்டரை இயக்க ஊரே இரண்டு மூன்று பெரிய சிஸ்டத்தைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறது. படம் காட்டுகிற கார்டைச் செய்கிற கம்பெனிகள் அவற்றுக்கு மட்டும் டிரைவர் எழுதிக் கொடுக்கின்றன. உங்கள் சிஸ்டத்தை உலகத்திலேயே சில ஆயிரம் பேர்தான் வைத்திருக்கிறீர்கள். அதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், கைமாற்றிக் கொடுக்கலாம், ஆனால் கம்பெனிக்காரர்கள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அதனால் சிஸ்டம் சொல்வதைக் கார்டுக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொல்லித் திரையில் படம் வரவைக்கிற டிரைவரை, உன்னைப் போல நாலு பேர் சொந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறீர்கள். நான்கு வருஷமாக நீ அந்த அறையில் செய்துகொண்டிருந்தது இதுதானாம். கல்யாணமாகி வந்ததிலிருந்து சாயங்காலங்களில் உன் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன். என்ன செய்கிறாய் என்று ஒரு நாள் கேட்டதில்லை.

யாருக்கு என்ன போச்சு என்பதற்குக் குறிப்பிலேயே பதில் இருந்தது. பார்வை குறைந்த பிள்ளைகள் படிக்கிற ஒரு பள்ளி. அங்கே பதினாலு பழைய கம்ப்யூட்டர், பதினாலிலும் இதே கார்டு, உங்கள் சிஸ்டம். பிள்ளைகள் எழுத்தைத் திரையில் உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கிப் படிக்கிறார்கள். டிரைவர் இல்லாவிட்டாலும் ஏதோ ஒரு படம் வருமாம், ஆனால் பெரிதாக்கி நகர்த்தும்போது திக்கித் திணறி, ஒரு வரி படிப்பதற்குள் தலை சுற்றிவிடுமாம்.

உன் வீட்டுக்காரன் முயற்சி செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆறாவது படியில் டிரைவரை ஏற்றினான், திரை கறுத்துவிட்டது. செத்துப்போச்சும்மா என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டான். தண்ணீருக்குள் ஒரு பிள்ளை அரை நிமிஷம் தலையைத் தூக்காவிட்டால் சட்டையோடு குதிக்கிறவன், இங்கே நாடி பிடித்துக்கூடப் பார்க்கவில்லை.

ஆகவே நான் செய்யப்போகிறேன். சிரிக்காதே. டைப் அடிப்பதில் உன்னைவிட நான் வேகம். எந்த வயர் எந்த ஓட்டையில் என்பதில் என்னை மிஞ்ச எங்கள் எக்ஸ்சேஞ்சில் ஆள் கிடையாது. ஒரே ஒரு தடவைகூட லைன் மாற்றிப் போட்டதில்லை.

நீ கிளம்பின அன்று வாசலில் நான் பேசினது உனக்கு மறந்திருக்காது. எனக்கும் மறக்கவில்லை. அதைப் பற்றி எழுத இப்போது கை வரவில்லை. குளிரில் காதை மூடிக்கொள், சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

அன்புடன்,
அத்தை


ஏப்ரல் 13

அன்பு மருமகளுக்கு,

இது கெட்ட செய்தி கொண்டுவருகிற கடிதம், உட்கார்ந்துகொண்டு படி. உங்கள் கப்பல் ஆடுகிற ஆட்டத்தில் எப்படியும் உட்கார்ந்துதான் படிப்பாய்.

மூன்று நாள், மூன்று தடவை செய்தேன். உன் வீட்டுக்காரன் கிளம்பினதும் ஒரு டம்ளர் காப்பியோடு உன் அறைக்குப் போய்விடுவேன். காப்பியை ஜன்னல் மேடையில்தான் வைத்தேன், மேஜை மேல் வைக்கவில்லை, பயப்படாதே. முதல் ஐந்து படியும் வழுக்கிக்கொண்டு போகிறது. நான் அடிப்பது திரையில் வருகிறது, அதுவும் பதில் சொல்கிறது. ஓர் எழுத்துத் தப்பாக அடித்தால் அதற்கு வருகிற கோபத்தைப் பார்க்க வேண்டுமே, எங்கள் பழைய சூப்பர்வைசர் அம்மா தோற்றாள். ஆறாவது படியில் டிரைவரை ஏற்றினேனோ இல்லையோ, படக்கென்று கறுப்பு. காத்திருந்து பார்த்தேன், கறுப்பு. காப்பியைக் குடித்து முடித்துப் பார்த்தேன், அப்போதும் கறுப்பு. பட்டனை அழுத்தி அணைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வந்தால் மறுபடி ஆறில் அதே கதை. மூன்றாம் நாள் வெட்கத்தை விட்டு அதனிடம் கெஞ்சிக்கூடப் பார்த்தேன். ஒரு பெட்டியிடம், நான்!

உள்ளதை உள்ளபடி எழுது, அழகுபடுத்தாதே என்று குறிப்பில் எழுதியிருந்தாய். அப்படியே எழுதினேன். இந்தக் கார்டு, இந்த வெளியீடு, ஆறாவது படியில் திரை கறுத்துவிடுகிறது, மூன்று முறையும் அப்படித்தான் என்று என் போனிலிருந்து குழுவுக்கு அனுப்பினேன். பெயர் கேட்ட இடத்தில் என்ன போடுவது என்று தெரியாமல் அத்தை என்றே போட்டுவிட்டேன்.

அரை மணியில் பதில். உங்கள் வெளியீட்டுப் பொறுப்பாளர் இருக்கிறாரே, எதற்கெடுத்தாலும் விதி எண்ணைச் சொல்கிறவர், நான் அவருக்குக் கறார் என்று பெயர் வைத்திருக்கிறேன். அவர்தான் எழுதினார். சோதித்தவரே வேலை செய்யவில்லை என்று சொல்லிவிட்டார், இந்தக் கார்டை வைத்துச் சோதிக்க வேறு யாரும் முன்வரவில்லை, ஆகையால் முப்பதாம் தேதி முடிவில் டிரைவரை எடுத்துவிடுகிறேன் என்றார். மனுஷனுக்கு ஒரு சொட்டு ஈரம் கிடையாதா என்று திட்டிக்கொண்டே படித்தால், கடைசியில் உனக்கு ஒரு வரி. நான்கு வருஷமாக இதைத் தனியாகத் தாங்கிப் பிடித்தவருக்கு நன்றி, அவர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று. அதைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. முன்பின் தெரியாத ஆளுக்கு உன் அருமை தெரிந்திருக்கிறது.

மறுநாள் அந்தப் பள்ளி ஆசிரியையும் எழுதினாள். பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரமாம். பதினாலில் ஒரு பெட்டியைச் சோதனைக்கு எடுக்கலாமா என்று வகுப்பில் கேட்டாளாம். எடுக்கப்போவது தன் பெட்டியைத்தான் என்று ஒவ்வொருவரும் நினைத்து ஒரே அழுகையாம். மே மாதம் வரை பொறுக்கக் கூடாதா என்று கேட்டிருந்தாள். தேதியை ஒரு கார்டுக்காகத் தள்ளினால் நாற்பது கார்டுக்குத் தள்ள வேண்டும் என்று கறார் சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல்.

நான் ஒரு வரி எழுதிப் பதினாலு பெட்டிக்கும் உலை வைத்துவிட்டேன். பொய் எழுதியிருக்கலாமோ என்று ஒரு நிமிஷம் தோன்றினது உண்மை. நான் என்ன செய்யட்டும், சொல். இந்தப் படகிலேயே கடிதம் போனால், திரும்பி வருகிற படகில் உன் பதில் வந்துவிடும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. உன் வீட்டுக்காரன் இரண்டு நாளாக என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டான். துருவித் துருவிக் கேட்டதில் கக்கிவிட்டான். ஜூலையில் முடிகிற கப்பல் ஒப்பந்தத்தை ஜனவரி வரை நீட்டிக்கலாமா என்று நீ அவனைக் கடிதத்தில் கேட்டிருக்கிறாய். உன் வேலை, உன் இஷ்டம், நான் குறுக்கே நிற்க மாட்டேன். அவன் அன்றைக்குச் சோற்றில் ரசத்துக்குப் பதில் தண்ணீரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்றான். அதையும் உன்னிடம் சொல்லி வைக்கிறேன்.

அன்புடன்,
அத்தை


ஏப்ரல் 24, அவசரமாக

அன்பு மருமகளே,

படகுக்குத் தபால் மூட்டை கட்ட இன்னும் ஒன்றரை மணி நேரம்தான் இருக்கிறது. கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்.

உன் பதில் நேற்று வந்தது. நான்கே வரி. என்னைத் திட்டியிருப்பாய் என்று நினைத்து, உறையைப் பிரிக்காமல் அடுப்படியில் ஒரு மணி நேரம் வைத்திருந்தேன். நீயோ, அத்தை, நீங்கள் செய்தது சரிதான் என்று ஆரம்பித்திருக்கிறாய். திரை கறுத்த பிறகு கேப்ஸ் லாக் பட்டனை அழுத்திப் பாருங்கள், அதன் சின்ன விளக்கு எரிந்து அணைந்தால் பெட்டி உயிரோடுதான் இருக்கிறது என்று அர்த்தம், அப்படியானால் திரையிலிருந்து வயரைப் பிடித்துக்கொண்டே போய் அது எங்கே முடிகிறது என்று பாருங்கள் என்று எழுதியிருந்தாய்.

உடனே ஓடினேன். ஆறாவது படி. கறுப்பு. கேப்ஸ் லாக்கை அழுத்தினேன். எரிந்தது! மறுபடி அழுத்தினேன், அணைந்தது. எரிந்தது, அணைந்தது, எரிந்தது, அணைந்தது, இருபது தடவை அழுத்தியிருப்பேன். உயிரோடுதான்டா இருக்கு என்று நான் கத்தின கத்தலில் உன் வீட்டுக்காரன் பல் தேய்க்கிற பிரஷ்ஷோடு ஓடிவந்தான்.

அப்புறம் வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். போய்ப் பார்த்தால், ஐயோ, எங்கே கொண்டுபோய் முகத்தை வைத்துக்கொள்வேன். பெட்டியின் முதுகில் ஒரே மாதிரி இரண்டு ஓட்டை. மேலே இருப்பது பெட்டியோடு கூடப்பிறந்தது, கீழே இருப்பது உன் கார்டினுடையது. வயர் மேலே செருகியிருந்தது. பெட்டி எழும்போது மேல் ஓட்டையில் படம் காட்டும், டிரைவர் ஏறினதும் படம் கார்டுக்குப் போய்விடும், மேல் ஓட்டை கறுத்துவிடும். படம் அத்தனை நாளும் பக்கத்து ஓட்டையில் ஜோராக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, பார்க்கத்தான் ஆள் இல்லை. செருகினது யார்? நான். முப்பத்தொரு வருஷம் ஒரு லைன்கூட மாற்றிப் போடாத நான்.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. நான் உன் அறையைத் தூசி தட்டவில்லை. காலி செய்தேன். நீ கிளம்பின அன்று வாசலில் என்ன சொன்னேன்? யார் கண்ணிலும் படாத வேலைக்கு உன் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறாய், நீ வருவதற்குள் இந்தத் தகர டப்பாவை அப்புறப்படுத்திவிட்டு அறையை உருப்படியாக எதற்காவது வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். நீ பையை எடுத்துக்கொண்டு போனாய். சொன்னதோடு விட்டேனா, செய்யவும் ஆரம்பித்தேன். எல்லா வயரையும் பிடுங்கி, பெட்டியைப் பால்கனியில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். இரண்டு நாள் அங்கே கிடந்தது. விசைப்பலகையைத் தூக்கும்போதுதான் அந்தக் குறிப்பு விழுந்தது. படித்த பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவந்து, எங்கே எது பொருந்துகிறதோ அங்கே செருகினேன். நான் சொன்னதும் தப்பு, செய்ததும் தப்பு. என்னை மன்னித்துவிடு.

வயரை மாற்றிச் செருகிவிட்டு ஆறாவது படிக்குப் போனேன். படம் வந்தது! வந்தது, ஆனால் என்ன படம் தெரியுமா? போன வருஷம் நாம் மூன்று பேரும் கடற்கரையில் எடுத்துக்கொண்ட போட்டோ. அதை நீ திரையில் வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியவே தெரியாது. அதில் கடல் ஆரஞ்சுப் பழ நிறத்தில் இருக்கிறது, நம் மூன்று பேர் முகமும் நீலம். உன் வீட்டுக்காரன் மூன்று நாள் குளத்தில் ஊறினவன் மாதிரி இருக்கிறான். சிவப்பும் நீலமும் இடம் மாறிவிட்டன என்று அவனே கண்டுபிடித்துச் சொன்னான், பரவாயில்லை, பிள்ளைக்கு மூளை இருக்கிறது.

வயர் விஷயத்தை ஒளிக்காமல் குழுவில் எழுதிவிட்டேன், நிறம் மாறினதையும் எழுதிவிட்டேன். இன்னும் ஆறு நாள் இருக்கிறது. தபால்காரர் வந்துவிட்டார்.

அத்தை


மே 2

அன்பு மருமகளுக்கு,

நீ பாதியிலேயே கடைசிப் பக்கத்துக்குத் தாவுகிறவள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிரைவர் இருக்கிறது. எடுக்கவில்லை. இனி நிதானமாகப் படி.

வயர் கதையை நான் எழுதினேனே, குழுவே சிரிக்கும் என்று தலையில் துண்டைப் போட்டுக்கொள்ளாத குறையாக உட்கார்ந்திருந்தேன். வரிசையாகப் பதில் வந்தது. ஒன்பது பேர், தாங்களும் அதே ஓட்டையில் செருகினவர்கள்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் புதுக் கார்டையே உடைந்தது என்று தூக்கிப் போட்டுவிட்டாராம். கடைசியில் கறாரே எழுதினார், தான் ஒரு தடவை எட்டு நாள் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகவும், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்றும். அன்றைக்கு அந்த மனுஷன் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

நிறம் மாறினது என் கைவேலை இல்லையாம். இந்த வெளியீட்டில் புதிதாக மாற்றின எதுவோ உன் டிரைவரைக் குழப்பிவிட்டதாம். கறார் ஒரு திருத்தம் அனுப்பினார். போட்டுப் பார்த்தேன், எல்லாரும் பச்சை. பச்சை என்று எழுதினேன். இன்னொன்று அனுப்பினார். கடல் நீலமானது, நமக்கெல்லாம் மனுஷ நிறம் வந்தது. அப்போது இருபத்தெட்டாம் தேதி. டிரைவர் சரியாக வேலை செய்கிறது என்று கையெழுத்துப் போடுங்கள், முடித்துவிடலாம் என்றார்.

போட்டிருப்பேன். ஆனால் உன் குறிப்பில் ஒன்பதாவது படி இருக்கிறதே, எழுத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது, அதை இன்னும் செய்யவில்லை. செய்தேன். எழுத்து பெரிதானது, நகர்த்தினேன், நாலு வரி போனது, அப்படியே உறைந்து நின்றுவிட்டது. கேப்ஸ் லாக் விளக்குகூட எரியவில்லை. இந்தத் தடவை நிஜமாகவே மூச்சு நின்றுவிட்டது.

கறாரிடம் சொன்னேன். விதிப்படி படம் சரியாக வந்தால் போதும், பெரிதாக்குவது விதியில் இல்லை, இப்போது கையெழுத்துப் போட்டால் டிரைவர் தங்கிவிடும், மற்றதை அடுத்த வெளியீட்டில் பார்க்கலாம் என்றார். உன் வீட்டுக்காரனும் அதையே பாடினான். போடும்மா, இல்லாட்டி எல்லாமே போயிடும், அவ நாலு வருஷம் பாடுபட்டது என்றான். அவன் சொல்வதிலும் நியாயம் இருந்தது. எனக்கு என்ன செய்வதென்றே புரியவில்லை, அரை நாள் அடுக்களைக்கும் உன் அறைக்குமாக நடந்தேன்.

எக்ஸ்சேஞ்சில் எனக்கு ஒரு வழக்கம். இரண்டு பக்கமும் குரல் கேட்ட பிறகுதான் பேசுங்கள் என்று சொல்வேன். ஒரு பக்கம் மட்டும் கேட்டுவிட்டு லைன் கொடுத்துவிட்டேன் என்று சொன்னதே இல்லை. நான் சரி என்று கையெழுத்துப் போட்டால், அந்த ஆசிரியை அதை நம்பிப் பதினாலு பெட்டியிலும் இதைப் போடுவாள். ஒரு பிள்ளை நாலு வரி படிப்பதற்குள் பெட்டி உறைந்து நிற்கும். தன் கண்தான் இன்னும் மோசமாகிவிட்டது என்று அது நினைத்துக்கொள்ளாதா? போட மாட்டேன் என்று எழுதிவிட்டேன். முப்பதுக்குள் சரியானால் போடுகிறேன், இல்லாவிட்டால் எடுத்துவிடுங்கள், பொய்க் கையெழுத்து மட்டும் என்னிடம் கேட்காதீர்கள் என்று எழுதினேன். அனுப்பிவிட்டு, திரையில் போட்டோவில் இருந்த உன் பக்கம் திரும்பி, தப்புப் பண்ணிவிட்டேனா என்று கேட்டேன். நீ கடற்கரையில் சிரித்துக்கொண்டிருந்தாய்.

இருபத்தொன்பது முழுக்கக் கறாரிடமிருந்து சத்தமே இல்லை. கோபித்துக்கொண்டார் என்றே முடிவு கட்டினேன். உன் வீட்டுக்காரன் அன்றைக்குக் குளத்துக்குப் போகவில்லை, துணைப் பயிற்சியாளரை அனுப்பிவிட்டு வீட்டிலேயே கிடந்தான். முப்பதாம் தேதி ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் திருத்தம் வந்தது. கூடவே இரண்டு வரி. நீங்கள் சொன்னது சரி, பெரிதாக்குவதையும் இன்று முதல் விதியில் சேர்த்துவிட்டேன், சீக்கிரம் பாருங்கள் என்று.

பதினொரு படியையும் முதலிலிருந்து செய்தேன். உன் வீட்டுக்காரன் என் தோளுக்குப் பின்னால் மூச்சு விட்டுக்கொண்டு நின்றான். ஆறு, கடல் நீலம். ஏழு, எட்டு. ஒன்பதாவது வந்ததும் என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தேன். கண்ணாடி இல்லாமல் எனக்கு உன் வீட்டுக்காரனும் கதவும் ஒன்றுதான், உனக்குத் தெரியும். எழுத்தைப் பெரிதாக்கினேன். நகர்த்தினேன். ஒரு பக்கம் முழுக்க, ஓர் இடத்தில்கூடத் திக்காமல் படித்தேன். இரண்டாவது பக்கம் படித்தேன். மூன்றாவதையும் படித்தேன், போதும்மா என்று அவன் சொன்ன பிறகும் படித்தேன். கண்ணாடி இல்லாமல் அத்தனை படித்து எத்தனை வருஷமாகிறது! கையெழுத்துப் போட்டு அனுப்பினபோது தேதி முடிய ஒரு மணி நேரம்தான் பாக்கி. உன் வீட்டுக்காரன் என்னை அலாக்காகத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். இடுப்பு இன்னும் வலிக்கிறது.

நேற்று ஆசிரியை எழுதினாள். கடைசிப் பரீட்சை முடிந்ததும் ஒரு பெட்டியில் போட்டுப் பார்த்தாளாம். முதலில் உட்கார்ந்த பெண் குழந்தை, படிக்க வேறு ஒன்றும் அகப்படாமல் என் சோதனை அறிக்கையையே பெரிதாக்கி, ஆறாவது படியில் திரை கறுத்துவிடுகிறது என்று எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு, யார் இந்த அத்தை, அவங்களுக்கும் கண் தெரியாதா என்று கேட்டதாம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. யார் கண்ணிலும் படாத வேலை என்று உன்னிடம் சொன்னேனே, என் வாயை என்ன செய்ய. நான்கு வருஷமாக அந்தக் குழந்தைகளுக்குக் கண்ணாக நீ இருந்திருக்கிறாய், எனக்குத்தான் தெரியவில்லை. உன்னை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. இதை நீ இங்கே இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

உன் அறையில் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கிறது. ஜன்னலுக்குக் கெட்டித் துணியில் திரைச்சீலை தைத்துப் போட்டேன், மத்தியான வெயில் திரையில் அடிக்கிறது என்று நீ முனகுவாய் இல்லையா. உன் நாற்காலிக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு முக்காலி போட்டுக்கொண்டிருக்கிறேன். இடம் போதவில்லை என்றால் சொல், எடுத்துவிடுகிறேன்.

கடைசியாக ஒரு விஷயம். கறார் புதிதாக ஒரு விதி போட்டுவிட்டார், எல்லாம் என் வயர் செய்த வேலை. இனிமேல் ஒவ்வொரு கார்டையும் இரண்டு பேர் சேர்ந்துதான் சோதிக்க வேண்டுமாம். ஒருவர் டைப் அடிக்க, ஒருவர் பக்கத்திலிருந்து சரிபார்க்க. இரண்டு பெயரையும் இப்போதே பதிய வேண்டும், அடுத்த சோதனை அக்டோபர் முப்பது. ஒரு பெயர் அத்தை. இன்னொன்று யார் என்று கேட்டார். உன் வீட்டுக்காரன் கையைத் தூக்கினான், கை ஈரமாக இருந்தது, போடா என்று துரத்திவிட்டேன். உன் பெயரை எழுதினேன். ஜூலைக்கு அப்புறம் நீ எங்கே இருப்பாய் என்று நீ இன்னும் முடிவு செய்யவில்லை, எனக்குத் தெரியும். உன்னைக் கேட்காமல் எழுதினது தப்புதான். வேண்டாம் என்றால் அந்த வரியை அடித்துவிடு, நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனால் அதை நீயே இங்கே வந்து, உன் நாற்காலியில் உட்கார்ந்துதான் அடிக்க வேண்டும்.

கடல் உன்னைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளட்டும், கண்ணு.

அத்தை